எந்த வேலைக்கு எந்தக் கதவு: துணைத் தூதரகம், வர்த்தக அலுவலகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்றுமதி இறக்குமதிக் காகித வேலையில் இருப்பதால், வெளிநாட்டுத் துணைத் தூதரகங்களைப் பற்றிய சந்தேகங்கள் என்னிடம் ஓயாமல் வரும். விசாவில் ஆரம்பித்து, வெளிநாட்டில் பிடிபட்ட தம்பி வரைக்கும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். எண் போட்டிருப்பதால், முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் அந்த எண்ணைக் காட்டிவிட்டுப் போகிறேன்.

1. தலைநகரில்தான் தூதரகம் இருக்கிறதே, அப்புறம் எதற்கு வேறு ஊரில் துணைத் தூதரகம்?

தூதரகம் அரசோடு அரசு பேசுகிற இடம். ஒப்பந்தம், அரசியல், கண்டனம், வாழ்த்து எல்லாம் அங்கே. துணைத் தூதரகம் மனிதர்களோடும் சரக்கோடும் புழங்குகிற இடம். தன் நாட்டவருக்குப் பாஸ்போர்ட், மற்றவர்களுக்கு விசா, பிறப்பு இறப்புப் பதிவு, கையெழுத்துச் சான்று, வணிகத் தொடர்பு, துறைமுகத்துக்கு வரும் தன் நாட்டுக் கப்பல்களின் பிரச்சினைகள் எல்லாம் அதன் வேலை. பிரேசிலின் தலைநகர் பிரசிலியா, ஆனால் பணம் புரள்வது சாவோ பாலோவில். அதனால்தான் பல நாடுகள் தலைநகரில் தூதரகம் வைத்துக்கொண்டு, சாவோ பாலோவிலும் ஒரு துணைத் தூதரகம் வைத்திருக்கின்றன. தலைநகரில் இதே வேலைகளைத் தூதரகத்துக்குள்ளேயே உள்ள கான்சுலர் பிரிவு பார்த்துக்கொள்ளும்.

சட்டமும் இரண்டுக்கும் தனித்தனி. தூதரகங்களுக்கு 1961 வியன்னா ஒப்பந்தம், துணைத் தூதரகங்களுக்கு 1963 வியன்னா ஒப்பந்தம். இனி இந்தப் பக்கத்தில் வியன்னா ஒப்பந்தம் என்று வெறுமனே சொன்னால் 1963தான்.

இன்னொன்று. துணைத் தூதரகம் என்பது தூதரகத்தின் கிளையாகப் பின்னால் முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு நேர்மாறு. இடைக்காலத்திலேயே மத்தியதரைக்கடல் துறைமுகங்களில் வெளியூர் வணிகர்கள் தங்கள் வழக்குகளைத் தீர்க்கக் கான்சல்களை, அதாவது துணைத் தூதர்களை, வைத்துக்கொண்டார்கள். நிரந்தரமாக ஒரு தூதரை உட்கார வைக்கும் வழக்கம் 15ஆம் நூற்றாண்டில் இத்தாலிய நகர அரசுகளிடமிருந்துதான் பரவியது. வணிகம்தான் முன்னால் வந்தது.

2. ஒரு இடத்தில் கான்சுலேட் ஜெனரல், இன்னொரு இடத்தில் டெபுடி ஹைகமிஷன் என்று போர்டு இருக்கிறதே?

கான்சுலேட் ஜெனரல் என்பது துணைத் தூதரகத்தின் ஆங்கிலப் பெயர். காமன்வெல்த் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூதரகத்துக்கு ஹைகமிஷன் என்று பெயர். அதனால் அவற்றின் வட்டார அலுவலகம் சில ஊர்களில் டெபுடி ஹைகமிஷன் அல்லது அசிஸ்டென்ட் ஹைகமிஷன் என்று இருக்கும். ஆனால் இது கட்டாயமில்லை. இலங்கையில் இந்தியாவுக்குக் கண்டியில் இருப்பது அசிஸ்டென்ட் ஹைகமிஷன், யாழ்ப்பாணத்தில் இருப்பது கான்சுலேட் ஜெனரல். உங்களுக்கு வேண்டியது போர்டில் உள்ள பெயர் அல்ல, அந்த அலுவலகம் என்ன சேவை தருகிறது என்பது. சில அலுவலகங்கள் வணிகத்தையும் அரசியல் தொடர்பையும் மட்டும் பார்க்கும், விசா பக்கமே போகாது.

3. எங்கள் ஊருக்கு எந்தத் துணைத் தூதரகம்? பக்கத்தில் இருப்பதுதானே?

பக்கத்தில் இருப்பது என்று கட்டாயம் இல்லை. ஒவ்வொரு துணைத் தூதரகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை அனுப்பும் நாடு முன்வைக்கும், ஏற்கும் நாடு ஒப்புக்கொள்ள வேண்டும். வியன்னா ஒப்பந்தத்தின் 4ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. எல்லைக்கு வெளியே போய் வேலை செய்ய வேண்டுமென்றால் ஏற்கும் நாட்டின் சம்மதம் வேண்டும், இது 6ஆவது பிரிவு. ஆகவே, உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு துணைத் தூதரகம் இருந்தாலும், உங்கள் மாநிலம் அல்லது மாகாணம் ஐந்து மணி நேரம் தள்ளி இருப்பதன் கீழ் வரலாம். கோடு பெரும்பாலும் மாநில எல்லையை ஒட்டித்தான் போகும். தூரத்தைப் பார்த்து யாரும் கோடு போடுவதில்லை.

சிறிய நாடுகளில் இன்னும் விசித்திரம். உங்கள் நாட்டில் அந்த நாட்டுக்கு அலுவலகமே இல்லாமல், அண்டை நாட்டுத் தூதரகம் உங்களையும் சேர்த்துக் கவனிக்கலாம். தலைநகரத் தூதரகத்தின் இணையதளத்தில் அதிகார எல்லை என்று ஒரு பக்கம் இருக்கும். கிளம்புவதற்கு முன்னால் அதைப் பாருங்கள். புதிதாக ஒரு துணைத் தூதரகம் திறக்கும்போது எல்லைகளைப் பிரித்து எழுதுவார்கள் என்பதால், பழைய நண்பர் சொன்ன ஊர் இன்று சரியாக இல்லாமல் போகலாம்.

4. பாஸ்போர்ட்டில் ஒரு ஊர் முகவரி, நான் வேலை பார்ப்பது வேறு ஊர். எதை எடுத்துக்கொள்வார்கள்?

பொதுவாக நீங்கள் இப்போது சட்டப்படி வசிக்கும் இடத்தை. வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, நிறுவனத்தின் கடிதம் ஏதாவது ஒன்றைக் காட்டச் சொல்வார்கள். வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) விசா விதிப்படி, விண்ணப்பத்தை நீங்கள் சட்டப்படி வசிக்கும் நாட்டில்தான் போட வேண்டும். வேறொரு நாட்டுக்குச் சுற்றுலா போன இடத்தில் போட வேண்டுமென்றால், ஏன் அங்கே போடுகிறீர்கள் என்பதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். ‘அங்கே சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது’ என்பதைக் காரணமாகச் சொல்லி நிற்காதீர்கள்.

5. துணைத் தூதரகத்துக்கே போகவில்லை, ஏதோ தனியார் சென்டரில் கைரேகை எடுத்து அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றா?

இல்லை. விஎஃப்எஸ் குளோபல், பிஎல்எஸ், டிஎல்எஸ்கான்டாக்ட் போன்ற நிறுவனங்களுக்குப் பல அரசுகள் வரவேற்பு வேலையை ஒப்பந்தத்தில் கொடுத்திருக்கின்றன. காகிதம் வாங்குவது, கைரேகை எடுப்பது, கட்டணம் வாங்குவது, பாஸ்போர்ட்டைத் திருப்பித் தருவது வரை அவர்கள் வேலை. விசா தருவதா வேண்டாமா என்ற முடிவு முழுக்கத் தூதரக அதிகாரியுடையது. கவுன்டரில் இருப்பவரிடம் ‘கிடைக்குமா சார்?’ என்று கேட்பதில் பயனில்லை, அவருக்கே தெரியாது.

அங்கே விற்கப்படும் கூடுதல் சேவைகள் உங்கள் விருப்பம். ஓய்வறை, குறுஞ்செய்தி, வீட்டுக்கே கூரியர் என்று எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் முடிவு மாறாது. அப்பாயின்ட்மென்ட்டைக் கூடுதல் விலைக்கு விற்கும் வெளி ஏஜென்டுகள் வேறு ரகம், அவர்களுக்கும் இந்தச் சென்டருக்கும் சம்பந்தமில்லை.

6. ஐந்து ஷெங்கன் நாடு சுற்றப் போகிறேன். யாரிடம் விண்ணப்பிப்பது?

பயணத்தின் முக்கிய இடம் எந்த நாடோ, அதனிடம். முக்கியம் என்பது தங்கும் நாட்களாலோ போகும் நோக்கத்தாலோ தீர்மானிக்கப்படும். எல்லா இடத்திலும் சம நாட்கள் என்றால், முதலில் எந்த நாட்டின் எல்லையில் நுழைகிறீர்களோ அதனிடம். பயணத்துக்கு 6 மாதம் முன்னதாகவே போடலாம், 15 நாளைக்குக் குறைவாக விடக் கூடாது. முடிவு சாதாரணமாக 15 நாளில், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். உங்கள் வட்டாரத்தில் அந்த நாட்டுக்கு அலுவலகம் இல்லையென்றால், வேறொரு ஷெங்கன் நாடு அதன் சார்பில் வாங்கலாம். அது யார் என்று அந்தந்த நாட்டுத் தளத்தில் போட்டிருப்பார்கள்.

7. விசா மறுத்துவிட்டார்கள். எங்கள் எம்பியை விட்டுத் தூதருக்கு ஒரு கடிதம் கொடுத்தால்?

கடிதம் கோப்பில் சேரும், அவ்வளவுதான். மேல்முறையீடு உண்டா என்பது அந்தந்த நாட்டின் சட்டம். ஷெங்கன் விசா மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டு உரிமை உண்டு. மறுப்புப் படிவத்தில் காரணமும் எங்கே, எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும் என்பதும் இருக்கும். அமெரிக்காவின் 214 பி பிரிவில், அதாவது ஊர் திரும்புவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வராமல் மறுக்கப்பட்டால், மேல்முறையீடு கிடையாது. புதிதாக விண்ணப்பிக்கலாம். ஆனால் உங்கள் நிலைமையில் எதுவும் மாறாமல் அதே காகிதத்தோடு அடுத்த வாரமே போவது கட்டணத்தைத் தண்ணீரில் போடுவது.

8. எங்கள் ஊரில் ஒரு தொழிலதிபர் வீட்டு வாசலில் வெளிநாட்டுக் கொடி, கௌரவத் தூதர் என்று பலகை. இவர் நிஜ அதிகாரியா?

நிஜம்தான், ஆனால் வேறு வகை. முழுநேர அலுவலகம் நடத்தக் கட்டுப்படியாகாத ஊர்களில், உள்ளூரில் செல்வாக்குள்ள ஒருவரை ஒரு நாடு கௌரவத் துணைத் தூதராக நியமிக்கும். இவர் பெரும்பாலும் தொழிலதிபராகவோ வழக்கறிஞராகவோ இருப்பார், தன் தொழிலையும் தொடர்ந்து பார்ப்பார். இப்படி நியமிப்பதோ ஏற்பதோ எந்த நாட்டுக்கும் கட்டாயமில்லை என்று வியன்னா ஒப்பந்தத்தின் 68ஆவது பிரிவே சொல்கிறது.

அதிகாரம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் காகிதங்களில் கையெழுத்துச் சான்று தரலாம், இன்னொருவருக்கு வணிகக் குழுக்களை வரவேற்பது மட்டுமே வேலை. பலரால் விசா தர முடியாது. ‘நான் பேசி வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். அவருடைய அலுவலகத்துக்கு முழுநேரத் துணைத் தூதரகத்தின் பாதுகாப்பும் கிடையாது. தனியாக வைத்திருக்கும் தூதரகக் கோப்புகளைத் தொடக் கூடாது, ஆனால் அறையே தொடக் கூடாத இடம் அல்ல. பலகையை நம்பலாமா என்று சந்தேகம் வந்தால், உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்தவர்கள் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

9. வர்த்தக அலுவலகம் என்பது துணைத் தூதரகத்தின் ஒரு அறைதானா?

சில நேரம் ஆமாம். அமெரிக்காவின் கமர்ஷியல் சர்வீஸ் அந்நாட்டு வணிகத் துறையைச் சேர்ந்தது, ஆனால் அதன் ஆட்கள் பெரும்பாலும் தூதரகங்களிலும் துணைத் தூதரகங்களிலுமே உட்கார்ந்திருப்பார்கள். சில நேரம் தனி அரசு நிறுவனம், தனிக் கட்டடம். ஜப்பானின் ஜெட்ரோ 1958இல் தொடங்கியது, தென்கொரியாவின் கோட்ரா 1962இல், ஹாங்காங்கின் வர்த்தக வளர்ச்சி கவுன்சில் 1966இல். மூன்றாவது வகை வணிகர் சங்கம். ஜெர்மனி தன் வெளிநாட்டு வணிகச் சங்கங்களின் வழியாகத்தான் இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறது. அவற்றுக்கு அரசு பணம் ஓரளவு வரும், ஆனால் உறுப்பினர் சந்தாவும் சேவைக் கட்டணமும் உண்டு.

நாடு மட்டுமல்ல, மாகாணமும் கடை போடும். கனடாவின் கியூபெக் 1961இலிருந்து பாரிஸில் தனிப் பிரதிநிதி அலுவலகம் வைத்திருக்கிறது. அமெரிக்க மாநிலங்களும் இப்படி வைத்திருக்கின்றன.

எந்த வகை என்று தெரிந்துகொண்டால் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரியும். வணிகச் சங்கத்திடம் இலவச ஆலோசனையை எதிர்பார்த்துப் போனால் விலைப்பட்டியல் கையில் வரும். தனி வர்த்தக நிறுவனத்திடம் விசா கேட்டால் சிரிப்பார்கள்.

10. தைவானுக்குப் பல நாடுகளில் தூதரகமே இல்லை. அங்கே போக விசா யார் தருகிறார்கள்?

இங்கே 9ஆவது பதிலில் சொன்ன பாகுபாடு உடைகிறது. தூதரக உறவு இல்லாத நாடுகளில் தைவான், தைப்பே பொருளாதார, பண்பாட்டு அலுவலகம் என்ற மாதிரிப் பெயர்களில் அலுவலகம் வைத்திருக்கிறது. பெயரில் தூதரகம் இல்லை, ஆனால் விசா, பாஸ்போர்ட், சான்றொப்பம் எல்லாம் அங்கேயே நடக்கும். தைப்பேயில் அமெரிக்காவுக்கும் இதே ஏற்பாடு. 1979இல் உறவை பெய்ஜிங்குக்கு மாற்றிக்கொண்டபோது, அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் இன் தைவான் என்ற அமைப்பை உருவாக்கித் தூதரக வேலைகளை அதன் கையில் கொடுத்தது.

11. நான் பொருள் அனுப்ப விரும்புகிறேன். அந்த நாட்டு வர்த்தக அலுவலகம் எனக்கு வாங்குபவரைப் பிடித்துத் தருமா?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. அதிகம் பேர் தவறான இடத்துக்குப் போய் அலைந்து திரும்புவதும் இதில்தான். ஒரு நாடு தன் வரிப்பணத்தில் வெளிநாட்டில் வர்த்தக அலுவலகம் வைப்பது, தன் நாட்டு நிறுவனங்கள் அங்கே விற்க வேண்டும் என்பதற்காகவும், அங்கிருந்து முதலீடு தன் நாட்டுக்கு வர வேண்டும் என்பதற்காகவும். நீங்கள் அவர்கள் நாட்டு இயந்திரத்தை வாங்க வந்தவர் என்றால் நாற்காலி போட்டுக் காபி தருவார்கள். அவர்கள் நாட்டில் விற்க வந்தவர் என்றால் மரியாதையாக ஒரு கையேட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் வேலை அது இல்லை.

உங்களுக்கு உதவ வேண்டியது அந்த நாட்டில் இருக்கும் உங்கள் நாட்டுத் துணைத் தூதரகத்தின் வணிகப் பிரிவு, இல்லையென்றால் உங்கள் நாட்டு ஏற்றுமதி ஊக்குவிப்பு அமைப்பு. உங்கள் ஊரில் இருக்கும் வெளிநாட்டு அலுவலகத்தைத் தேடுவதற்கு முன்னால், அந்த ஊரில் இருக்கும் உங்கள் நாட்டு அலுவலகத்தைத் தேடுங்கள்.

விதிவிலக்கு உண்டு. நெதர்லாந்தின் சிபிஐ என்ற அரசு அமைப்பு 1971 முதல், வளரும் நாடுகளின் சிறு நிறுவனங்கள் ஐரோப்பியச் சந்தையில் விற்க உதவி வருகிறது. மசாலா, துணி, மீன், மென்பொருள் என்று துறைவாரியாக அது வெளியிடும் சந்தை அறிக்கைகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஐரோப்பாவுக்கு அனுப்ப நினைப்பவர் அதைப் படிக்காமல் மாதிரி அனுப்பப் போவது வீண் செலவு என்பேன். சுவிட்சர்லாந்திலும் சிப்போ என்று இதே நோக்கத்தில் ஒரு திட்டம் உண்டு. அந்த நாட்டில் கம்பெனி தொடங்குவது உங்கள் திட்டம் என்றால், ஜெட்ரோ, கோட்ரா போன்றவை ஆர்வமாகப் பேசும். உள்ளே வரும் முதலீட்டை ஈர்ப்பதும் இன்று அவர்கள் வேலையே.

12. வர்த்தக அலுவலகத்துக்கு மெயில் போட்டேன், பதிலே இல்லை. என்ன எழுதினால் பதில் வரும்?

‘நாங்கள் தரமான பொருட்கள் தயாரிக்கும் முன்னணி நிறுவனம், வாங்குபவர் பட்டியல் அனுப்பவும்’ என்ற மெயில் அவர்களுக்குத் தினமும் வரும். பொருளின் எச்எஸ் குறியீட்டை, அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்ணை, முதல் வரியிலேயே போடுங்கள். அதன் முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான், அதனால் அந்த அதிகாரி உடனே தன் நாட்டுச் சுங்க வரியையும் இறக்குமதிப் புள்ளியையும் எடுத்துப் பார்க்க முடியும். பிறகு ஒரே ஒரு கேள்வி, பதில் சொல்லக்கூடிய கேள்வி. ‘இந்தக் குறியீட்டுக்கு உங்கள் நாட்டில் எந்தத் துறை அனுமதி தர வேண்டும்?’ என்பது அப்படிப்பட்டது. ‘வாய்ப்பு எப்படி இருக்கிறது?’ என்பது அல்ல. அவர்கள் நாட்டிலிருந்து வாங்குவதாக இருந்தால் அளவையும் காலத்தையும் சேர்த்து எழுதுங்கள், பதில் வேகமாக வரும். காரணம் 11இல் இருக்கிறது.

13. வாங்கியவர் பணம் தராமல் ஏமாற்றுகிறார். அவர் நாட்டுத் துணைத் தூதரகத்தில் புகார் கொடுத்தால் வசூலித்துத் தருவார்களா?

தரமாட்டார்கள். துணைத் தூதரகம் நீதிமன்றம் அல்ல, தன் நாட்டு வணிகரைக் கட்டாயப்படுத்த அதற்கு அதிகாரமும் இல்லை. அங்கே வழக்காடும் வழக்கறிஞர்களின் பட்டியல் தரலாம், சில சமயம் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். கூச்சப்பட்டுக் கொடுத்துவிடுபவர்களும் உண்டு, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

ஒப்பந்தத்தில் நடுவர் மன்றத் தீர்ப்புக்கு ஒரு பிரிவு சேர்த்திருந்தால் நிலைமை நல்லது. 1958 நியூயார்க் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில், வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை அங்குள்ள நீதிமன்றம் வழியாக அமல்படுத்த முடியும். சரக்கு அனுப்புவதற்கு முன்னால் வர்த்தக அலுவலகத்திடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தக் கம்பெனி பதிவில் இருக்கிறதா, எந்தப் பதிவேட்டில் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு அவர்கள் பெரும்பாலும் வழி காட்டுவார்கள்.

14. டிகிரி சர்டிபிகேட்டுக்கு அட்டெஸ்டேஷன் வேண்டும் என்கிறார்கள். துணைத் தூதரகத்தில் வரிசையில் நிற்கணுமா?

போக வேண்டிய நாடும் காகிதம் பிறந்த நாடும் 1961 ஹேக் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருந்தால், தேவையில்லை. காகிதம் பிறந்த நாட்டின் அரசு நியமித்த அலுவலகம் அப்போஸ்டில் என்ற சான்றுச் சீட்டை ஒட்டும், அதோடு முடிந்தது. துணைத் தூதரகம் அப்போஸ்டில் தராது, கேட்டுப் பிரயோஜனமில்லை. இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. இந்தியாவுக்கு 2005இலிருந்து அமலில் இருக்கிறது. சீனாவுக்கு 2023 நவம்பரில் அமலுக்கு வந்தது, கனடாவுக்கு 2024 ஜனவரியில். இந்த இரண்டு நாடுகளுக்கும் முன்பு தூதரக முத்திரை வாங்கியவர்கள் பழைய நடைமுறையையே இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டில் ஒன்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் பழைய சங்கிலிதான். முதலில் உங்கள் நாட்டு அரசின் முத்திரை, அதன் மேல் அந்த நாட்டுத் துணைத் தூதரகத்தின் முத்திரை. முதல் முத்திரை இல்லாமல் நேரே துணைத் தூதரகம் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

15. அப்படியானால் அப்போஸ்டில் நாட்டுக்கு அனுப்பும் சரக்கின் இன்வாய்ஸுக்கும் தூதரக முத்திரை கேட்கிறார்களே, அது ஏன்?

கெட்டிக்காரக் கேள்வி. ஹேக் ஒப்பந்தத்தின் முதல் பிரிவே இரண்டு வகைக் காகிதங்களை வெளியே வைக்கிறது. ஒன்று, தூதரக, துணைத் தூதரக அதிகாரிகளே எழுதிக் கொடுத்தவை. இரண்டு, வணிகத்தோடும் சுங்கத்தோடும் நேரடியாகத் தொடர்புடைய நிர்வாகக் காகிதங்கள். அதனால் டிகிரிக்கு அப்போஸ்டில் ஏற்கும் நாடே, உற்பத்திச் சான்றுக்கும் (பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதற்கான சான்று) இன்வாய்ஸுக்கும் துணைத் தூதரக முத்திரை கேட்கலாம். எல்லா நாடும் கேட்பதில்லை. வாங்குபவரிடம் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சான்று வணிகர் சங்கத்தில் வாங்கிய பிறகுதான் முத்திரைக்குப் போக முடியும், கப்பல் கிளம்பும் தேதியிலிருந்து பின்னோக்கி நாட்களைக் கணக்கிடுங்கள்.

16. அண்ணன் வெளிநாட்டில். நிலம் விற்க எனக்குப் பவர் எழுதித் தர வேண்டும். துணைத் தூதரகத்தில் முடியுமா?

முடியும். அங்கே இருக்கும் உங்கள் நாட்டுத் துணைத் தூதரகத்தின் முன்னால் அவர் நேரில் கையெழுத்திட்டால் அதிகாரி சான்று தருவார். நோட்டரி வேலை வியன்னா ஒப்பந்தம் ஒப்புக்கொண்ட தூதரகப் பணிகளில் ஒன்று. இன்னொரு வழி, அந்த ஊர் நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் வாங்குவது. எது உங்கள் பதிவு அலுவலகத்தில் செல்லும் என்று முதலில் இங்கே கேட்டுவிட்டு, பிறகு அண்ணனிடம் சொல்லுங்கள். கவனிக்க: ஆள் அவர் கண்முன் வந்து கையெழுத்திட்டார் என்பதற்குத்தான் அதிகாரி சாட்சி. பவரில் எழுதியிருப்பது சரியா, நிலம் யாருடையது என்பதற்கெல்லாம் அவர் பொறுப்பல்ல.

17. எங்கள் பையனை வெளிநாட்டில் போலீஸ் பிடித்துவிட்டது. துணைத் தூதரகம் வெளியே கொண்டுவருமா?

வெளியே கொண்டுவராது. ஆனால் அதனால் ஆகக்கூடியது நிறைய உண்டு, அதைச் சரியாகக் கேட்க வேண்டும். வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவுப்படி, பிடிபட்டவரிடம் ‘உன் நாட்டுத் துணைத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லலாம்’ என்று தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் தெரிவித்தாக வேண்டும். துணைத் தூதர் சிறைக்குப் போய் அவரைப் பார்க்கலாம், பேசலாம், வழக்கறிஞர் ஏற்பாடு செய்யலாம். பிடிபட்டவர் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னால் விலகி நிற்க வேண்டும். சீனா, பிரிட்டன் போன்ற சில நாடுகளோடு அமெரிக்காவுக்கு உள்ள தனி உடன்படிக்கைகளில், கேட்டாலும் கேட்காவிட்டாலும் தெரிவித்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது.

இது வெறும் சம்பிரதாயம் அல்ல. அமெரிக்கா இந்த உரிமையைச் சொல்லாமல் விட்டதாக ஜெர்மனி தொடுத்த லகிராண்ட் வழக்கில் 2001இலும், மெக்சிகோ தொடுத்த அவேனா வழக்கில் 2004இலும் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2019 ஜூலையில் குல்பூஷண் ஜாதவ் வழக்கில், துணைத் தூதரகத் தொடர்பை மறுத்ததன் மூலம் பாகிஸ்தான் 36ஆவது பிரிவை மீறியது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் மூன்று தீர்ப்பும் கைதியை விடுதலை செய்யச் சொல்லவில்லை. தீர்ப்பையும் தண்டனையையும் மறுபடி ஆராயச் சொன்னவைதான்.

வீட்டார் செய்ய வேண்டியது: பையனின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், எந்த ஊர், எந்தக் காவல் நிலையம் ஆகியவற்றை அந்த ஊருக்குரிய துணைத் தூதரகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். எது உரியது என்பதற்கு 3ஐப் பாருங்கள். மருந்து சாப்பிடுபவர் என்றால் அதையும் எழுதுங்கள். அபராதம் கட்டுவது, ஜாமீன் போடுவது, வழக்கில் வாதாடுவது அவர்களிடம் கேட்கக் கூடாதவை.

18. அவனுக்கு இரண்டு குடியுரிமை. இரண்டு துணைத் தூதரகமும் வருமா?

பிடித்த நாட்டின் குடியுரிமையும் அவனிடம் இருந்தால் சிக்கல். அந்த நாடு அவனைத் தன் குடிமகனாக மட்டும் பார்த்து, மற்ற நாட்டுத் துணைத் தூதரகத்தை உள்ளே விடாமல் இருக்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவரின் சார்பில், அவருடைய இன்னொரு நாட்டுக்கு எதிராகப் பாதுகாப்பு கோர முடியாது என்று 1930 ஹேக் ஒப்பந்தத்தின் 4ஆவது பிரிவே சொல்கிறது. மூன்றாவது நாட்டில் பிடிபட்டால், எந்தப் பாஸ்போர்ட்டில் உள்ளே நுழைந்தானோ அந்த நாட்டை முதலில் அணுகுங்கள்.

19. துணைத் தூதரக வளாகம் அந்த நாட்டு மண்தானே? அங்கே குழந்தை பிறந்தால் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்குமா?

இரண்டுக்கும் பதில் இல்லை என்பதுதான். வளாகம் ஏற்கும் நாட்டின் மண்தான், உள்ளூர்ச் சட்டம் அங்கும் செல்லும். அலுவலக வேலைக்கு மட்டுமே பயன்படும் பகுதிக்குள் அனுமதியின்றிப் போலீஸ் நுழையக் கூடாது, அவ்வளவுதான். தீப்பிடித்தாலோ உடனே காப்பாற்ற வேண்டிய வேறு ஆபத்து வந்தாலோ அனுமதி கிடைத்ததாக வைத்துக்கொண்டு உள்ளே போகலாம் என்று 31ஆவது பிரிவு சொல்கிறது. துணைத் தூதரின் வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கூட இந்த ஒப்பந்தத்தில் இல்லை.

மண்ணில் பிறந்தாலே குடியுரிமை தரும் அமெரிக்காவும், வெளிநாட்டில் உள்ள தன் தூதரக வளாகத்தில் பிறந்ததை அமெரிக்காவில் பிறந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. பெற்றோர் வழியாகக் குடியுரிமை வாங்குவது வேறு விஷயம், அதற்குத்தான் துணைத் தூதரகத்தில் பதிவு. இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் குழந்தை பிறந்தால் ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும், தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

20. துணைத் தூதர் கார் என் வண்டியை இடித்துவிட்டது. இவர்கள் மேல் கேஸே போட முடியாது என்கிறார்கள்?

தூதரக அதிகாரிக்கும் துணைத் தூதரக அதிகாரிக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிட்டுச் சொல்கிறார்கள். முதலாமவருக்கு 1961 ஒப்பந்தத்தில் விரிவான விலக்கு. துணைத் தூதரக அதிகாரிக்கு அலுவல் வேலையாகச் செய்தவற்றுக்கு மட்டும் விலக்கு. அதிலும் வாகன விபத்தில் மற்றவர் கேட்கும் இழப்பீட்டு வழக்கை 43ஆவது பிரிவு வெளிப்படையாக அனுமதிக்கிறது. வாகனக் காப்பீடு பற்றிய உள்ளூர்ச் சட்டத்துக்கும் அவர்கள் கட்டுப்பட வேண்டும். தன் பெயரில் வீடு வாடகைக்கு எடுத்து வாடகை தராதவர் மீதும் வழக்குப் போடலாம். கைது மட்டும் கடினம். கடுமையான குற்றமாக இருந்து, நீதித்துறை அதிகாரியின் உத்தரவும் இருந்தால்தான் காவலில் வைக்க முடியும்.

சில நாடுகள் தங்களுக்குள் தனி உடன்படிக்கை போட்டு இதைவிடக் கூடுதல் விலக்கு கொடுத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே போலீஸில் புகாரைப் பதிந்துவிட்டு, உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் புரோட்டோகால் பிரிவுக்கும் எழுதுங்கள். வழக்கு வரை போகாமல் காப்பீட்டிலேயே முடிய வாய்ப்பு அதிகம்.

21. ‘துணைத் தூதரகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் கேஸ்’ என்று போன் வந்தது. பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். துணைத் தூதரகம் கட்டணம் வாங்கும், அது விண்ணப்பத்துக்கு, அறிவித்த தொகையில், ரசீதோடு. வழக்கை முடிக்கப் போனில் பணம் கேட்காது. திரையில் தெரியும் எண்ணையும் போலியாக்க முடியும். வைத்துவிட்டு, தூதரகத் தளத்தில் உள்ள எண்ணை நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

22. திடீரென்று துணைத் தூதரகத்தையே மூடிவிட்டால், உள்ளே கொடுத்த பாஸ்போர்ட் என்ன ஆகும்?

நடக்கக்கூடியதுதான். 2020 ஜூலையில் அமெரிக்கா ஹூஸ்டனில் இருந்த சீனத் துணைத் தூதரகத்தை மூடச் சொன்னது, பதிலுக்குச் சீனா செங்டுவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தை மூட வைத்தது. சில நாட்களில் இரண்டும் காலி. ஆனால் மூடினாலும் கட்டடத்தையும் கோப்புகளையும் ஏற்கும் நாடு பாதுகாக்க வேண்டும். அதே நாட்டின் வேறு அலுவலகம் அங்கே இருந்தால், எல்லைப் பகுதி அதற்கு மாறும். உங்கள் விண்ணப்பமும் அங்கே போகும், அல்லது 5இல் சொன்ன சென்டர் வழியாகத் திரும்பி வரும். விண்ணப்ப எண் உள்ள ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேடுவதற்கு அது ஒன்றுதான் பிடி.

உறவே முறிந்து எல்லா அலுவலகமும் மூடப்பட்டால், இரு பக்கமும் ஒப்புக்கொண்ட மூன்றாவது நாடு ஒன்று வரும். ஈரானில் அமெரிக்காவின் நலன்களை 1980 முதல் சுவிட்சர்லாந்து கவனிக்கிறது. அப்படிப்பட்ட அலுவலகத்தில் பெரும்பாலும் தன் நாட்டவருக்கான அவசர உதவி மட்டும்தான் கிடைக்கும். விசா வேண்டுபவர் வேறு நாட்டில் உள்ள துணைத் தூதரகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும், அங்கே 4இல் சொன்ன வசிப்பிடக் கேள்வி முதல் ஆளாக வந்து நிற்கும்.